வெர்னாவின் கைகள்

கிரைண்டல் கோவ், மெய்ன்
ஜனவரி 21, 1958

ஆல்தியா,

நீ அனுப்பிய பூக்கள் வந்து சேர்ந்தன. பால் வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். வழியிலேயே உறைந்து கறுத்துவிட்டன. இருந்தாலும் அம்மாவின் சவப்பெட்டி மேல் வைத்தேன். "நியூயார்க்லேருந்து வந்த பூவாமே" என்று எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மகள் வரவில்லை, பூவாவது வந்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பதினேழாம் தேதி மாலை தேவாலயத்தில் ஜெபம் முடிந்தது. "கடும் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை" என்ற உன் தந்தியை பாஸ்டர் பெல்லோஸ் சபை நடுவே வாசித்தார். அம்மாவுக்காக ஜெபித்தவர்கள் உன் காய்ச்சலுக்காகவும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இப்போது இறங்கிவிட்டதா?

அம்மா மேட்டுக் கல்வீட்டில் இருக்கிறாள், குளிர்காலத்தில் செத்தவர்களைப் பெட்டியோடு வைக்கிற இடத்தில். உனக்கு மறந்திருக்கும். உங்கள் ஊரில் எந்த மாதத்தில் செத்தாலும் உடனே புதைத்துவிடலாம். இங்கே தரை இறுகிக் கிடக்கிறது. மண் இளகி, குழி வெட்டுகிற ஹாலிஸ் கிரேயின் இரும்புக் கம்பி இறங்கினால்தான் குழி. மே மாதம் ஆகும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் போன கேப்டன் டோரி உள்ளே முதலில், அடுத்தது அம்மா. வரிசைப்படிதான் வெளியே எடுப்பார்கள். உயிரோடு இருந்தபோது அந்த மனுஷனுக்கு வணக்கம்கூடச் சொல்லாதவள், இப்போது அவர் பக்கத்திலேயே குளிர்காலத்தைக் கழிக்கிறாள்.

எப்படிப் போனாள் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த நாளிலிருந்து நான் மத்தி மீன் தொழிற்சாலைக்குப் போகவில்லை. காலையில் முகம் கழுவும் தொட்டியில் பனிக்கட்டியை உடைப்பேன். துடைத்துவிட்டு, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி கஞ்சி ஊட்டி, தலை வாருவேன். தலை வாரத்தான் நேரம் ஆகும். அவ்வளவு முடி, கடைசிவரை கொட்டவே இல்லை. கடைசி நாளும் வாரிப் பின்னினேன். பின்னலை முடித்துவிட்டு அடுப்புக்கு விறகு போடத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது இல்லை.

மே மாதம் வா. அதற்குள் காய்ச்சல் இறங்கிவிடும் அல்லவா?

வெர்னா

*

நியூயார்க்
பிப்ரவரி 4, 1958

அன்புள்ள வெர்னா,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். உடம்பு தேறிவிட்டது. மனசு தேறவில்லை.

நான் வராததற்கு நீ குத்திக்காட்டுவது நியாயம்தான். ஆனால் அந்த வீட்டு வாசல் எனக்கு என்ன செய்தது என்று உனக்கும் தெரியும். டொனால்டை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்து நின்றேனே, அன்றைக்கு அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "புருஷனை விட்டுட்டு வந்தவளுக்கு இங்க கட்டில் இல்ல" என்றாள். நீ அவளுக்குப் பின்னால் பாத்திரம் துடைக்கும் துணியோடு நின்றாய். என்னைவிட ஆறு வயது மூத்தவள், ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்னும் அந்தத் துணியின் கட்டம் போட்ட ஓரம் எனக்கு நினைவிருக்கிறது.

போகட்டும். சண்டை போட இதை எழுதவில்லை. வெர்னா, எனக்கு எல்லாவற்றையும் எழுது. எந்தச் சீப்பு? அப்பா கொண்டுவந்த எலும்புச் சீப்புதானா? பின்னல் ஒன்றா, இரண்டா? தலை வாரும்போது ஏதாவது பேசுவாளா? உன் கைகள் என்ன ஆயின? சின்னச் சின்ன விஷயமாக எழுது. அவள் படுக்கையில் கிடந்தபோது அவளோடு நான் இருக்கவில்லை. உன் கடிதத்திலாவது கொஞ்சம் இருந்து பார்க்கிறேன்.

ஆல்தியா

*

கிரைண்டல் கோவ்
பிப்ரவரி 23

ஆல்தியா,

பாத்திரத் துணியைப் பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும். பேசியிருந்தால் என்னையும் சேர்த்துத் துரத்தியிருப்பாள், அது வேறு. ஆனாலும் பேசியிருக்க வேண்டும்.

நீ கேட்டதை எழுதுகிறேன். யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

அதே எலும்புச் சீப்புதான். இரண்டு பல் உடைந்துவிட்டது, அந்த இடத்தில் முடி சிக்கும். ஒற்றைப் பின்னல். இடது பக்கம் தொட்டால் வலிக்கும் என்று கத்துவாள், அதனால் அந்தப் பக்கம் விரலால்தான் கோதுவேன். பாதி நாள் என்னை அடையாளம் தெரியாது. "யாருடி நீ, கூலிக்கு வந்தவளா? மெதுவா வாருடி, இது என்ன குதிரை வாலா?" என்பாள். அடையாளம் தெரிந்த நாளில் இன்னும் மோசம். "நீயாடி, நீதான் மிச்சமா எனக்கு?" என்பாள். தினமும் பின்னலை முடித்ததும் நல்லதாக இருந்த வலது கையால் என் கன்னத்தில் ஒன்று விடுவாள். ஏன் என்று தெரியாது. நான் கன்னத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. விட்டுவிட்டு, கடன் தீர்ந்தது போலத் தூங்கிப்போவாள்.

நன்றி என்று ஒருநாளும் சொல்லவில்லை. நீ கற்பனை செய்துகொள்ளாதே.

என் கைகளா? சிங்கிறால் கூண்டுக்கு வலை பின்னித்தான் இந்தக் குளிர்காலம் ஓடுகிறது. கயிறும் பனித்தண்ணீரும் சேர்ந்து விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. கட்டை விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அறை வாங்கியதை நான் மில்ட்ரெட்டிடம்கூடச் சொல்லவில்லை, எதிர்வீடுதான் என்றாலும். உன்னிடம் சொன்னேன், உன்னோடு இருக்கட்டும். எழுதிய பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருக்கிறது.

மே மாதம் நிச்சயம் வா. அப்பாவைக் குழிக்குள் இறக்கும்போது நம் சித்தப்பாக்கள் கயிறு பிடித்தது நினைவிருக்கிறதா? அம்மாவுக்கு நாம் இரண்டு பேர்தான். தலைமாட்டுக் கயிறு உனக்கு, கால்மாட்டுக் கயிறு எனக்கு. ஹாலிஸிடம் சொல்லி வைத்துவிட்டேன். "பொம்பளைங்க கைக்குத் தாங்குமா?" என்றார். "இத்தனை வருஷமா அவளைத் தூக்கினது யாரு, உங்க கம்பியா?" என்று கேட்டேன்.

வெர்னா

*

கிரைண்டல் கோவ்
ஏப்ரல் 9

ஆல்தியா,

உன் கவிதை வந்த பத்திரிகை நூலகத்துக்கு வந்துவிட்டது. மிஸ் ஈட்டன் அந்தப் பக்கத்தை விரித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் உன் படத்தையும் சாய்த்து வைத்திருக்கிறாள். ஈஸ்டர் அன்று தேவாலயத்திலிருந்து நேராக எல்லோரும் அங்கேதான் போனார்கள். நானும் போனேன், முட்டாள் மாதிரி புதுத் தொப்பி போட்டுக்கொண்டு. தங்கையின் கவிதை அல்லவா?

"காலையில் பனியை உடைத்தேன்,
அவள் கூந்தலை அவிழ்த்தேன்.
பல் உடைந்த எலும்புச் சீப்பு
என் வெடித்த விரல்களுக்கு வழி சொன்னது.
பின்னி முடித்ததும் அவள்
என் உள்ளங்கையைத் திருப்பி முத்தமிட்டாள்."

யார் உடைத்தது? யார் அவிழ்த்தது? உன் விரல் எங்கேடி வெடித்தது, பேனா பிடித்தா?

பன்னிரண்டு வருடமாக நீ அந்த வீட்டுக்குள் காலே வைக்கவில்லை என்று இந்த ஊருக்கே தெரியும். தெரிந்தும் அழுகிறார்கள்! மில்ட்ரெட் அழுதாள். இத்தனை வருடமாக அவள் சன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் அடுப்பங்கரைதான் தெரியும். நான் படுக்கைத் துணியைப் பனியில் அலசியதைக் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்தவள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் புரியுது வெர்னா, பாவம் ஆல்தியா மனசுக்குள்ள எவ்வளவு சுமந்திருக்கா!" என்றாள். நான் சுமந்தது முதுகில். அதனால் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது.

பாஸ்டர் பெல்லோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அடக்கத்தன்னைக்கு குழி பக்கத்துல உன் தங்கச்சியே இதை வாசிக்கணும், அதுதான் பொருத்தம்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் மௌனத்தை எல்லோரும் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கேள், இன்னொன்று. ஓஹையோவிலிருந்து யாரோ ஒரு புண்ணியவதி அந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டு, "கவிஞர் ஆல்தியா ஹாஸ்கல், கிரைண்டல் கோவ்" என்று விலாசம் போட்டு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறாள். உள்ளே கைக்குப் பூசும் களிம்பு. "உங்கள் பாவப்பட்ட விரல்களுக்கு" என்று ஒரு சீட்டு. தபால்காரர் என் கையில் கொடுத்தார். நான் பிரித்துப் பூசிக்கொண்டேன். நல்ல களிம்பு, எரியவில்லை. என் விரலுக்குத்தானே வந்தது.

உன்னோடு இருக்கட்டும் என்று சொன்னேன். ஊருக்கே விரித்து வைத்துவிட்டாய். அதுவும் அறையை முத்தமாக்கி.

வெர்னா

*

நியூயார்க்
ஏப்ரல் 17

வெர்னா,

இதை எத்தனை முறை தொடங்கிக் கிழித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாய்.

கவிதையில் பேசுகிறவள் நான் இல்லை. அவள் ஒரு மகள், அவ்வளவுதான். படிக்கிற ஒவ்வொருத்தியும் தன் அம்மாவை நினைத்துக்கொள்வாள். ஓஹையோப் பெண்ணும் அதைத்தான் செய்திருக்கிறாள். இதை உனக்கு விளக்க முடியும் என்று முதலில் நினைத்தேன். எழுதி முடித்து வாசித்தால் எனக்கே வக்கீல் பேச்சாகத் தெரிகிறது.

அதனால் உள்ளதைச் சொல்கிறேன். உனக்கு அறையாவது கிடைத்தது. தினமும் அவள் கை உன் மேல் பட்டது. எனக்கு அதுவும் இல்லை. என் முதல் புத்தகத்தை அனுப்பினேன், பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். இரண்டாவதை அனுப்பவே இல்லை. பள்ளிக்கூடம் போகும் வயதில்கூட என் தலையை வாரியது நீதான், அவள் இல்லை. உன் கடிதம் வந்த இரவு நான் எழுதவில்லை, வெர்னா. அம்மாவின் படுக்கையருகே மனசால் போய் உட்கார்ந்தேன். நான் வாரினேன். முடித்ததும் எனக்கு ஒரு முத்தம் வேண்டியிருந்தது. எழுதிக்கொண்டேன். வேறு எங்கே போய் வாங்குவேன்?

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் முடியாது என்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு வழியாகத் தெரிந்தால் மறைத்தேன் என்பாய். இலையுதிர் காலத்தில் என் புத்தகம் வருகிறது. இந்தக் கவிதைதான் முதல் பக்கம். இதுவரை என்னை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் இதற்காகக் கடிதம் எழுதுகிறார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. இப்படி ஒன்று இன்னொருமுறை எனக்கு வராது.

மே மாதம் வருகிறேன். பாஸ்டர் சொன்னபடி வாசிக்கிறேன். கயிறும் பிடிக்கிறேன்.

ஆல்தியா

*

கிரைண்டல் கோவ்
ஏப்ரல் 26

ஆல்தியா,

உனக்கு முத்தம் வேண்டியிருந்தது என்று படித்தபோது எனக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவில்லை. தலை வாரி விட்டது நான்தான் என்று நினைவு வைத்திருக்கிறாயே, அதற்கும் சேர்த்து அழுதேன். அந்தக் கடிதத்தோடு எல்லாம் முடிந்திருந்தால் நான் எல்லாவற்றையும் விழுங்கியிருப்பேன்.

ஆனால் மறுநாள் மிஸ் ஈட்டன் கூப்பிட்டு அனுப்பினாள். கண்ணாடிப் பெட்டிக்காக உன்னைப் பற்றிய செய்திகளை எங்கெங்கிருந்தோ வரவழைத்து வெட்டி ஒட்டுகிறாள். "பாரு வெர்னா, உன் தங்கச்சிக்கு எவ்வளவு கைதட்டல்!" என்று ஒரு பிலடெல்பியா செய்தித்தாளைக் காட்டினாள். ஜனவரி பதினேழு, வெள்ளிக்கிழமை மாலை. கவிஞர் ஆல்தியா ஹாஸ்கல் நிறைந்த அரங்கில் வாசித்தார். நீலப் பட்டு உடை அணிந்திருந்தாராம்.

நாங்கள் உன் காய்ச்சலுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தோம், ஆல்தியா. அதே மாலை.

மிஸ் ஈட்டனுக்குத் தேதி உறைக்கவில்லை. நானும் சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு ஆசை இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கவிதையைக் கிழிக்கச் சொல்லவில்லை, புத்தகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அடக்கத்தன்று வா. வாசிக்க வேண்டுமானால் வாசி. ஆனால் வாசிப்பதற்கு முன்னால், மில்ட்ரெட் கேட்க, பாஸ்டர் கேட்க, "இதெல்லாம் செய்தது வெர்னா" என்று உன் வாயால் சொல். அதையே புத்தகத்திலும் ஒரு வரி போடு. மூன்று வார்த்தை போதும். வார்த்தைக்கா உன்னிடம் பஞ்சம்?

சொல்ல முடியாது என்றால் வராதே. கயிறு பிடிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

ஹாலிஸ் நேற்று மேட்டில் கம்பியை இறக்கிப் பார்த்தார். முழங்கை அளவு இறங்கியதாம். "மேல சேறு, அடியில இன்னும் கல்லு மாதிரிதான் இருக்கு. கிழவி இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்" என்றார். பொறுப்பாள். மே பன்னிரண்டு, திங்கட்கிழமை என்று முடிவாகியிருக்கிறது.

வெர்னா

*

நியூயார்க்
மே 5

வெர்னா,

மூன்று வார்த்தைதான். நீ கேட்டது அதிகம் இல்லை. எழுதிப் பார்த்தேன். அதைச் சொன்ன மறுகணம் அந்தக் கவிதை வேறொருத்தியின் வாழ்க்கையைத் திருடிய கவிதை ஆகிவிடுகிறது. அதை நம்பி எனக்கு எழுதிய பெண்கள் எல்லோரையும் நான் ஏமாற்றியதாக ஆகிவிடும். புத்தகத்தை வெளியிடுகிறவர் அந்தக் கவிதையை எடுத்துவிடுவார். எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை.

பிலடெல்பியாவைப் பற்றி என்ன சொல்வது? பெட்டி கட்டி வைத்திருந்தேன். வாசிப்பை விட்டுவிட்டு, முந்தின நாளே அங்கிருந்து ரயில் ஏற நினைத்தேன். அம்மா அந்தக் கதவைப் பாதி திறந்தபடியே எனக்குள் நின்றுகொண்டிருந்தாள். ஏறவில்லை. காய்ச்சல் என்று தந்தி கொடுத்தேன்.

நான் வரவில்லை. பாஸ்டரிடம் மறுபடியும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. அவர்கள் விருப்பப்பட்டால் கவிதையை வேறு யாராவது வாசிக்கட்டும். பிரதி ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். புத்தகத்தை உன் பெயருக்குக் காணிக்கையாக்குகிறேன். "வெர்னாவுக்கு" என்று முன்பக்கத்தில் இருக்கும். ஏன் என்று நமக்குத் தெரிந்தால் போதாதா?

என் கயிற்றை யாரிடமும் கொடுக்காதே என்று எழுத நினைத்தேன். அந்த உரிமை எனக்கு இல்லை.

ஆல்தியா

*

கிரைண்டல் கோவ்
மே 14

ஆல்தியா,

அம்மாவைப் புதைத்தாகிவிட்டது.

காலையில் கேப்டன் டோரியை எடுத்தார்கள், அடுத்தது அம்மா. குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறியிருந்தது. ஹாலிஸ் ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளை வெட்டிவந்து அடியில் பரப்பினார். பெட்டி தண்ணீரில் படவில்லை, கவலைப்படாதே. உன் கயிற்றை அவர்தான் பிடித்தார். "அவ்வளவு கனமா இல்லையே" என்றார். குளிர்காலம் முழுக்கக் கல்வீட்டில் கிடந்ததில் இளைத்திருப்பாள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

உனக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொல்லவில்லை. "ஆல்தியா வரல" என்றேன், அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. பாஸ்டர் ரோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "கவிதையை நானே வாசிச்சிடவா?" என்று கையை நீட்டினார்.

"வேணாம். நான் வாசிக்கிறேன்" என்றேன்.

மில்ட்ரெட் பக்கத்தில் நின்றவளிடம், "இவளுக்கு வாசிக்க வருமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. உன் பிரதியை விரித்துப் பிடித்தேன். காற்றில் படபடத்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் பிடிக்க முடிந்தது. எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள்.

காலையில் பனியை உடைத்தேன், என்று வாசித்தேன். அவள் கூந்தலை அவிழ்த்தேன். நான் மேடைப் பேச்சு பேசுகிறவள் இல்லை. மளிகைக் கடையில் சாமான் கேட்கிற குரலில்தான் வாசித்தேன். ஆனால் ஒவ்வொரு வரியும் வாசிக்க வாசிக்க அவர்கள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அழுதவர்கள் ஒருவரும் அழவில்லை. மில்ட்ரெட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ சொல்ல மறுத்த மூன்று வார்த்தையை நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கவிதை ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஆல்தியா. உன் வாயில்தான் அது திருட்டு. என் வாயில் நடந்தது நடந்தபடி இருந்தது.

கடைசி வரி வந்ததும் நின்றேன். முத்தம். அம்மா அங்கே கிளைகளின் மேல் கிடக்கிறாள், அவள் எதிரிலேயே பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாளை மடித்துவிட்டு, பார்க்காமல் சொன்னேன்:

"பின்னி முடித்ததும் அவள்
நல்ல கையால் என்னை அறைந்தாள்.
மறுநாளும் பனியை உடைத்தேன்."

கடற்காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. பிறகு ஹாலிஸ் தொப்பியைக் கழற்றினார். ஏற்கெனவே ஒருமுறை கழற்றிப் போட்டுக்கொண்டவர்தான், மறுபடியும் கழற்றினார். நான் ஒரு பிடி சேற்றை எடுத்துப் போட்டேன். நம் இருவருக்கும் சேர்த்து ஒரு பிடிதான் போட்டேன், உனக்கென்று தனியாகப் போடவில்லை.

முன்பக்கத்தில் என் பெயர் வேண்டாம். எடுத்துவிடு. உன் புத்தகத்தில் எனக்கு ஒரு கட்டிலும் வேண்டாம். எலும்புச் சீப்பை இந்தக் கடிதத்தோடு தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன். அம்மாவிடமிருந்து உனக்கு வேறு ஒன்றும் இல்லை. தொழிற்சாலை திறந்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து மத்தி வெட்டப் போகிறேன். இனிமேல் எனக்கு எழுதாதே. எழுதினாலும் பிரிக்கமாட்டேன், நானும் அம்மாவின் மகள்தான்.

உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கடைசி வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருப்பாய். உன்னுடையதைவிட அது நல்ல வரி, உனக்கே தெரியும். புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது என்றுகூடக் கணக்குப் போட்டிருப்பாய்.

தொடாதே. அது விழுந்தது என் கன்னத்தில்.

வெர்னா